புக்கோம் கைமாறிய பிறகு வேதிப் பொறியியல் படிக்கலாமா?

கவிதா: அண்ணா, யாழினி பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதிப் பொறியியல் எடுக்க விரும்புகிறாள். எண்ணெய் நிறுவனங்களே அந்தத் தொழிலை விட்டு விலகுகின்றன என்று இவர் தயங்குகிறார். சிங்கப்பூரின் புக்கோம் தீவில் ஷெல் நிறுவனத்தின் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முருகேசன்: 1961இல் சிங்கப்பூரின் முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையாகத் தொடங்கிய அந்த இடத்தை, இந்தோனேசியாவின் சந்திரா அஸ்ரியும் சுவிட்சர்லாந்தின் கிளென்கோரும் சேர்ந்து அமைத்த நிறுவனத்திடம் 2025 ஏப்ரலில் ஷெல் ஒப்படைத்தது உண்மை. ஆனால் ஆலையை யாரும் மூடவில்லை. ஆஸ்டர் என்ற பெயரில் அது இன்னமும் ஓடுகிறது. ஷெல்லின் கணக்கேட்டிலிருந்து அந்தப் புகை நீங்கிவிட்டது, புக்கோமிலிருந்து நீங்கவில்லை. இதைத் தூய எரிசக்திக்கு மாறுவது என்று எழுதும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

சரவணன்: மச்சான், நான் கவலைப்படுவது வேலையைப் பற்றி. சுத்திகரிப்புத் திறனைப் பாதியாக்கப் போவதாகவும், 1,300 வேலைகளை 2023 இறுதிக்குள் 800 ஆக்கப் போவதாகவும் 2020இலேயே அறிவித்தார்களே. ஆலைகள் வெளியிடும் கரிமப் புகைக்கான கரிம வரியும் 2024இல் டன்னுக்கு 5 வெள்ளியிலிருந்து 25 வெள்ளியாகி, 2026இல் 45 வெள்ளிக்கு வந்துவிட்டது.

தினேஷ்: மாமா, எங்கள் கப்பல் பட்டறைத் துறையையும் பாருங்கள். கெப்பலின் எண்ணெய்த் தளப் பிரிவும் செம்ப்கார்ப் மரினும் 2023இல் இணைந்து சீட்ரியம் ஆயின. அந்நிறுவனம் பிரேசிலின் பெட்ரோபிராஸுக்கு எண்ணெய் உற்பத்திக் கப்பல்களையும் கட்டுகிறது, வட கடல் காற்றாலைகளின் மின்சாரத்தைக் கரைக்கு அனுப்பும் மேடைகளையும் கட்டுகிறது. இரண்டுக்கும் வெல்டிங் தெரிந்தவர்கள்தான் தேவை.

யாழினி: மாமா, துவாஸில் உள்ள நெஸ்டே ஆலையும் எண்ணெய் சுத்திகரிப்பு மாதிரித்தானா?

முருகேசன்: ஏறக்குறைய அதேதான், யாழினி. பின்லாந்தின் அரசு எண்ணெய் நிறுவனமாகத் தொடங்கியதுதான் நெஸ்டே. துவாஸ் ஆலையை 2023இல் விரிவாக்கியபின் ஆண்டுக்கு 26 லட்சம் டன் புதுப்பிக்கத்தக்க எரிபொருளை உற்பத்தி செய்ய முடியும். அதில் 10 லட்சம் டன் வரை விமான எரிபொருளாக இருக்கலாம். மூலப்பொருள், பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு போன்றவை. அவற்றை அப்படியே உலைக்குள் விட முடியாது. பாஸ்பரசும் உலோகத் துகள்களும் வேதிவினையை விரைவுபடுத்தும் வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பதால், முதலில் அவற்றை நீக்க வேண்டும். பிறகு அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி, கொழுப்பிலுள்ள ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும். டீசலிலிருந்து கந்தகத்தை நீக்க நாங்கள் செய்ததும் இதே ஹைட்ரஜன் வேலைதான். பம்பு, வெப்பப் பரிமாற்றி, வால்வு எல்லாம் உனக்குப் பாடப்புத்தகத்தில் வருபவையே.

சரவணன்: அப்படியென்றால் நெஸ்டே ஏன் தடுமாறுகிறது? எரிபொருள் விலை இறங்கியதும் லாபம் சரிந்துவிட்டதாகப் படித்தேன்.

முருகேசன்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். விமான நிறுவனங்கள் விலை அதிகமான இந்த எரிபொருளைத் தாமாகப் பெரிதாக வாங்குவதில்லை, பெரும்பாலும் அரசு கட்டாயப்படுத்தினால்தான் வாங்கும். எண்ணெய் நிறுவனங்களின் உறுதிமொழியும் அந்த அளவுக்குத்தான். எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030க்குள் 40 விழுக்காடு குறைப்பதாக 2020இல் அறிவித்த பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் பிபி, 2023இல் அதை 25 விழுக்காடாக்கியது. 2025இல் அந்த இலக்கையே கைவிட்டு, எண்ணெய், எரிவாயுவில் முதலீட்டைக் கூட்டியது. டென்மார்க்கின் டாங் எரிசக்தி நிறுவனமோ 2017இல் எண்ணெய்ப் பிரிவை விற்று, ஓர்ஸ்டெட் என்று பெயரும் மாற்றி, கடல் காற்றாலையையே முக்கியத் தொழிலாக்கிக்கொண்டது. அப்படி முழுதாக மாறியவர்கள் அரிது.

கவிதா: ஆக, படிக்கலாமா, வேண்டாமா?

முருகேசன்: படிக்கட்டும். நிறுவனம் மாறினாலும் ஹைட்ரஜனைக் கையாளத் தெரிந்தவருக்கு வேதி ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் வேலை இருக்கும்.

சரவணன்: சரி, மச்சான். ஆனால் ஒரு நிபந்தனை: படித்து முடித்ததும் தங்களிடமே வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு எந்த எண்ணெய் நிறுவனம் தரும் உதவித்தொகையிலும் அவள் கையெழுத்திடக் கூடாது. ஆலையை விற்றுவிட்டால் பிள்ளையின் ஒப்பந்தத்தை யாரிடம் போய்க் கேட்பது?

முருகேசன்: அதில் நானும் உங்கள் பக்கம்தான்.

யாழினி: சரிப்பா, நாளைக்கே விண்ணப்பிக்கிறேன்.