வேல்யூ ஃபைலா, புராஜெக்ட் மாறியா?

ராத்திரி_ஷிஃப்ட்:
எங்களிடம் டேட்டாஸ்டேஜில் (ஓர் இடத்திலிருந்து டேட்டாவை எடுத்து, மாற்றி, இன்னோர் இடத்தில் ஏற்றும் ஐபிஎம் மென்பொருள்) 140 ஜாப். ஒவ்வொன்றிலும் டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு, ஃபைல் பாதை என்று தனித்தனி பாராமீட்டர். பாஸ்வேர்டு மாறினால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. எல்லாவற்றையும் பாராமீட்டர் செட்டில் (பல ஜாப் பகிர்ந்துகொள்ளும் பாராமீட்டர் தொகுப்பு) போட்டு டெவ் (உருவாக்கம்), டெஸ்ட், புரொட் (நிஜப் பயன்பாடு) என மூன்று சூழலுக்கும் மூன்று வேல்யூ ஃபைல் (செட்டின் மதிப்புகளை வைத்திருக்கும் ஃபைல்) வைக்கலாம் என்கிறேன். லீட் வேண்டாம் என்கிறார். யார் பக்கம் நியாயம்?

வைகைக்கரை:
உங்கள் பக்கம்தான். டேட்டாஸ்டேஜின் 8-ஆம் பதிப்பில் பாராமீட்டர் செட் வந்ததே இந்தத் தலைவலிக்குத்தான். வேல்யூ ஃபைல் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஜாப்கள் ஓடும் என்ஜின் சர்வரில், புராஜெக்ட் ஃபோல்டருக்குள் கிடக்கும் சாதா டெக்ஸ்ட் ஃபைல். வரிக்கு ஒரு பெயர், சமக்குறி, மதிப்பு. ஜாப் ஓடும்போதுதான் படிக்கும், அதனால் மதிப்பை மாற்றினால் மறுபடி கம்பைல் வேண்டாம். ஜாபை ஓட்டும் டிஎஸ்ஜாப் கட்டளையில் செட் பெயருக்கு எந்த ஃபைல் என்று சொன்னால் போதும்.

பழையகை:
வேல்யூ ஃபைல் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். புரொட் சர்வரில் நேராக விஐ எடிட்டரில் ஃபைலைத் திறந்து ஹோஸ்ட் பெயரை மாற்றினோம். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருவர் டிசைனரில் (ஜாப், செட் எல்லாம் உருவாக்கும் டேட்டாஸ்டேஜ் கருவி) அதே செட்டைத் திறந்து, விளக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி சேவ் செய்தார். ரெபாசிட்டரியில் (டிசைனர் சேமித்து வைக்கும் இடம்) இருந்த பழைய ஹோஸ்ட் பெயர் ஃபைல் மேல் ஏறிவிட்டது. ஜாப் விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பழைய சர்வரை யாரும் அணைக்கவில்லை, எல்லாம் பச்சையாகவே முடிந்தது. நான்கு நாள் கழித்து, ரிப்போர்ட்டில் எண்ணிக்கை அசையவே இல்லையே என்று கேட்டபோதுதான் ஜாப் ஓடிய விவரம் பதிவாகும் டைரக்டர் லாகைப் பார்த்தோம். ஜாப் தொடங்கும் வரியிலேயே அந்தப் பழைய பெயர்.

அதனால் மதிப்பைப் புராஜெக்டின் சூழல் மாறியில் (புராஜெக்ட் அளவில் மதிப்பை வைக்கும் இடம்) வையுங்கள். செட்டில் மதிப்புக்குப் பதில் டாலர் புராஜ்டெஃப் என்ற குறிச்சொல் மட்டும் இருக்கட்டும். எந்தப் புராஜெக்டில் ஓடுகிறதோ அதன் மதிப்பை எடுத்துக்கொள்ளும்.

வைகைக்கரை:
அண்ணே, ஒரே ஃபைலில் இரண்டு வழியாகக் கை வைத்தது நீங்கள், பழி வேல்யூ ஃபைலுக்கா? சூழல் மாறிக்குப் புராஜெக்டுக்கு ஒரே மதிப்புதான். எங்களிடம் ஒரே ஜாப், ஒரே புராஜெக்டில் நான்கு சோர்ஸுக்கு நான்கு வேல்யூ ஃபைலோடு ஓடுகிறது. புராஜ்டெஃப் வைத்து அதைச் செய்து காட்டுங்கள்.

பழையகை:
அது முடியாதுதான். சோர்ஸுக்குச் சோர்ஸ் மாறுவதை வேல்யூ ஃபைலில் வையுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹோஸ்ட், பாஸ்வேர்டு எல்லாம் அந்தச் சூழலுக்கு உரியவை. அவற்றை அங்கே கொண்டு போகாதீர்கள். இன்னொன்று: செட்டில் புதிதாக ஒரு பாராமீட்டர் சேர்த்தால், அந்தச் செட்டைப் பயன்படுத்தும் ஜாப்களை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே செட்டில் திணித்தால் 140-ம் கம்பைல்.

வைகைக்கரை:
சின்னச் சின்ன செட், சரி. மதிப்பை மாற்ற டிசைனர் மட்டும்தான், விஐ பக்கம் யாரும் போகக்கூடாது. மற்றபடி நான் சொன்னதுதான்.

ராத்திரி_ஷிஃப்ட்:
சோதனைக்காகப் போன வாரம் டெவில் ஒரே ஒரு செட் போட்டிருந்தேன். இதைப் படித்துவிட்டு டிசைனரையும் சர்வர் ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாதை இப்போதே வேறு வேறாக இருக்கிறது. மாற்றியது நான் இல்லை.