டைம்அவுட் ஆன ப்ராசஸை நிறுத்தும் முன் அதன் நிலையைப் பதிவு செய்தல்: அனுபவங்கள்

எங்கள் குழுவின் தானியங்கிச் சோதனை ஒன்று எப்போதாவது ஹேங் ஆகிவிடும், அதாவது முடியாமல் அப்படியே நின்றுவிடும். கால வரம்பு முடிந்ததும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் அதற்கு சிக்கில் (SIGKILL, ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை, கட்டாயமாக நிறுத்தும் சிக்னல்) அனுப்பும். பதிவில் 137 என்ற வெளியேற்றக் குறியீடு மட்டுமே மிஞ்சும். 128உடன் 9 என்ற சிக்னல் எண்ணைக் கூட்டினால் வருவது அந்த எண்; எங்கே நின்றது, ஏன் நின்றது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சிக்கிலை எந்த ப்ராசஸாலும் இடைமறிக்க முடியாது என்பதால், தன் நிலையை எழுதிவைக்கும் வாய்ப்பும் அதற்குக் கிடைப்பதில்லை. மறுபடி ஓட்டினால் சோதனை தேறிவிடும் என்பதாலேயே இந்தக் கோளாறு நெடுநாள் பிழைத்திருந்தது.

பிறகு ஸ்கிரிப்டை மாற்றினோம். வரம்பு கடந்ததும் முதன்மை ப்ராசஸ், அதன் சேய் ப்ராசஸ்கள் ஆகிய அனைத்தின் ஸ்டாக்கையும் (அந்த நொடியில் எந்தெந்த ஃபங்ஷன்களுக்குள் இருக்கிறது என்ற பட்டியல்) ஜிடிபி என்ற பிழைதிருத்தக் கருவி மூலம் சில நொடி இடைவெளியில் மூன்று முறை எடுத்து, கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எந்த இடத்தில் காத்திருக்கின்றன என்பதையும் குறித்துக்கொண்டு, அதன்பின் முறையாக முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம், அதற்கும் அடங்காவிட்டால் சிக்கில் என்று வரிசைப்படுத்தினோம். ஒரே ஒரு ஸ்டாக்கை வைத்துக்கொண்டு, அது ஹேங் ஆனதா, மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தீர்மானிக்க முடியாது. மூன்றும் மாறிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது, வரம்புதான் போதவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். நிரலின் வேகத்தை ஆராயும் பெர்ஃப் கருவியை நாங்கள் இங்கே பயன்படுத்தவில்லை. வழக்கமான முறையில் அது சிபியுவில் ஓடும் நேரத்தையே மாதிரி எடுக்கும், உறங்கும் ப்ராசஸிடம் அதற்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

அடுத்த ஹேங்கிலேயே விடை கிடைத்தது. தாய் ப்ராசஸ் சேய் முடிவதற்காகக் காத்திருந்தது. சேய் தன் வெளியீட்டைத் தாய்க்கு அனுப்பும் பைப்பில் எழுத இடமின்றிக் காத்திருந்தது. லினக்ஸில் ஒரு பைப் இயல்பாக 65,536 பைட்டுகளைத்தான் தாங்கும். சேய் முடிந்த பிறகே அதன் வெளியீட்டைப் படிப்பதாகத் தாயின் நிரல் எழுதப்பட்டிருந்தது. பிழைச் செய்திகள் குறைவாக வந்தபோதெல்லாம் அவை பைப்பில் அடங்கிவிட்டன. தாயின் ஸ்டாக்கை மட்டும் எடுத்திருந்தால் 'காத்திருக்கிறது' என்பதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்காது. ஆகவே சேய்களை விட்டுவிடாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

பதில் 1

நாங்கள் ஜாவாவில் வேலை செய்கிறோம். அங்கே ஜிடிபி தேவைப்படவில்லை. சிக்குவிட், அதாவது 3ஆம் சிக்னல், அனுப்பினால் ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் அமைப்பு) எல்லா த்ரெட்களின் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஸ்டாக்கையும் அச்சிட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடும். த்ரெட்கள் ஒன்றன் லாக்கை (பூட்டை) மற்றொன்று எதிர்பார்த்து நின்றால் அந்த டெட்லாக்கையும் அதுவே சுட்டிக்காட்டும். பைத்தானில் 3.3 பதிப்பிலிருந்து இருக்கும் ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற மாட்யூல் இதே உதவியைச் செய்கிறது. கால வரம்புக்குச் சற்று முன்பே ஸ்டாக்கை எழுதும்படி அதில் முன்கூட்டியே அமைத்துவிடலாம்.

பதில் 2

தகவல் திரட்டும் படிக்கும் தனியே ஒரு டைம்அவுட் வையுங்கள். டிஸ்க்கிலிருந்து பதில் வராமல் 'டி' நிலையில் (சிக்னலாலும் எழுப்ப முடியாத உறக்கம்) சிக்கிய ப்ராசஸுடன் இணைய முயன்ற ஜிடிபியும் சேர்ந்து நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அத்தகைய நேரத்தில் ரூட் உரிமையுடன் கெர்னல் ஸ்டாக்கைப் படிப்பதுதான் பயன்பட்டது. உபுண்டு போன்ற அமைப்புகளில் உள்ள பிட்ரேஸ் கட்டுப்பாட்டையும் (ஒரு ப்ராசஸ் தன் வழிவந்த சேய்களுடன் மட்டுமே பிழைதிருத்த இணையலாம் என்ற விதி) முன்னதாகவே சோதித்துக்கொள்ளுங்கள். ப்ராசஸைத் தொடங்கியது உங்கள் ஸ்கிரிப்ட்தான் என்றாலும், அதே ஸ்கிரிப்ட் தொடங்கும் ஜிடிபி அந்த ப்ராசஸுக்குத் தாய் முறையாகாது, உடன்பிறப்பு முறைதான். ஆகவே ரூட் உரிமை இல்லையெனில் இணைப்பு மறுக்கப்படும்.