பூட்ஸ் மாற்றிக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், இதற்கு என்ன அர்த்தம்?

களுவாஞ்சிக்குடியான்:
கல்முனைப் பக்கம் ஒரு கட்டட சைட்டில் ஸ்டோர் பொறுப்பு எனக்கு. போன கிழமை வெள்ளைக்கார இன்ஜினியர் புது சூப்பர்வைசரைக் காட்டி, ‘ஹி இஸ் கெட்டிங் டூ பிக் ஃபோர் ஹிஸ் பூட்ஸ்’ என்றார். பெடியனுக்குப் பூட்ஸ் இறுக்கமாக்கும் என்று 8-ஐத் திருப்பி வாங்கி, 9 கொடுத்து, கையெழுத்தும் எடுத்துவிட்டேன். புத்தகத்தைப் பார்த்த இன்ஜினியர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஏனென்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை.

கல்லடி டீச்சர்:
தம்பி, வளர்ந்தது கால் இல்லை, தலை! தன் இடத்தை மிஞ்சித் தன்னைப் பெரிய ஆளாக நினைக்கிறவரைச் சொல்வது அது. பிரிட்டிஷ்காரர் பூட்ஸ் என்பார்கள், அமெரிக்கர் ‘பிரிட்சஸ்’ என்று காற்சட்டையைச் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள், சண்டைதான் வரும்.

அக்கரைப்பற்று காக்கா:
அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்கிறோமே, அதன் பக்கத்து வீடு. ஆனால் குடைக்காரனுக்குக் காசு வந்திருக்க வேண்டும். பூட்ஸ்காரனுக்கு ஒரு வாக்கி டாக்கி போதும். ‘லெவல் காட்டுறான்’ என்பதுதான் கிட்ட வரும்.

களுவாஞ்சிக்குடியான்:
நன்றி டீச்சர், காக்கா. வாக்கி டாக்கி சரியாகச் சொன்னீர்கள், சோறு தின்னும்போதும் பார்சலுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருப்பார். மறுகா, அந்த 9 அவருக்கு அளவாகவே இருக்கிறதாம். திருப்பித் தரமாட்டாராம்.