சண்டை மூண்ட இரவில் ஏறிய வருமானம்: மன்றம் நடத்திப் பிழைப்பவர்களின் அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்:

இணைய மன்றம் நடத்தி அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துபவர்களும், நடத்திப் பார்த்துக் கைவிட்டவர்களும் இங்கே சிலர் இருக்கிறீர்கள். மாதம் எவ்வளவு வந்தது என்ற கணக்கு வேண்டாம். இன்றுவரை உங்களை உறுத்துகிற ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கான மன்றம் என்னுடையது. மூன்றாம் ஆண்டில் வேலையை விட்டேன். வருமானத்தில் முக்கால்வாசி விளம்பரத்திலிருந்து வந்தது. எத்தனை பக்கங்கள் திறக்கப்படுகின்றனவோ அந்த அளவுக்குக் காசு. மூத்த உறுப்பினர்கள் இருவருக்கு இடையே, லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டர் தகடுகளுக்கு எண்ணெய் போடலாமா என்று விவாதம் தொடங்கியது. போடக்கூடாது, அவை உலர்ந்துதான் இருக்க வேண்டும். சொட்டு எண்ணெய் பட்டாலும் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இது தெரிந்தவர் ஒருவர், தெரியாமல் பிடிவாதம் பிடித்தவர் இன்னொருவர். இரண்டு நாளில் அந்த விவாத இழை முப்பது பக்கத்தைத் தாண்டியது.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். பதினேழு புகார்கள் காத்திருந்தன. இனி யாரும் எழுத முடியாதபடி இழையைப் பூட்டும் பொத்தான் ஒரு சாளரத்தில், அன்றைய விளம்பர வருமானக் கோடு இன்னொரு சாளரத்தில். அந்தக் கோடு அதுவரை நான் பார்த்திராத உயரத்துக்கு ஏறியிருந்தது. "காலையில் பூட்டிக்கொள்ளலாம், பெரியவர்கள்தானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து மனம் கேட்காமல் மறுபடி வந்து பூட்டினேன். அந்த இடைவெளியில்தான் பிடிவாதக்காரர் மற்றவரின் தகப்பனாரை இழுத்துப் பேசிவிட்டார். விஷயம் தெரிந்தவர் விடைபெறாமலேயே போய்விட்டார்.

அவர் எழுதிய அறுநூறு சொச்சம் விடைகள் அப்படியே இருக்கின்றன. தேடுபொறி வழியாக இன்றும் ஆட்கள் அவற்றைத் தேடித்தான் வருகிறார்கள். மனிதர் இல்லை, அவர் எழுத்து எனக்குச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

தையல் இயந்திர மன்றத்தின் நிர்வாகி:

உங்கள் சங்கடம் விளம்பரத்தோடு ஒட்டிப் பிறந்தது. சண்டைக்கும் காசு, சமாதானத்துக்கும் காசு, ஆனால் சண்டைக்குச் சற்று அதிகம். அதற்குப் பயந்துதான் நான் ஆண்டுச் சந்தாவுக்கு மாறினேன். சந்தா கட்டியவர்களுக்குப் பெயரின் அருகே சிறிய தங்கநிற ஊசி. வேறு சலுகை எதுவும் இல்லை. அந்த ஊசிக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

தங்க ஊசிக்காரர் ஒருவர் புதிதாக வருபவர்களை விரட்டிக்கொண்டே இருந்தார். "இதுகூடத் தெரியாதா?" என்பது அவருடைய வழக்கமான முதல் வரி. மூன்று முறை எச்சரித்தேன். நான்காம் முறை தனிமடலில் பதில் வந்தது: "உங்கள் வீட்டு விளக்கு என் பணத்தில் எரிகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்." அதைப் படித்தபோது என் தலைக்கு மேலே விளக்கு உண்மையாகவே எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சிறுபிள்ளைத்தனம்தான்.

அவருடைய சந்தாவில் 143 நாள் மீதமிருந்தது. ஒரு நாளும் குறைக்காமல் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பினேன், பிறகு தடை செய்தேன். அவரோடு ஏழு பேர் வெளியேறினார்கள், ஏழு பேரும் சந்தாக்காரர்கள். அடுத்த மாதம், பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் பகுதிநேர மட்டுறுத்துநருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. விலகச் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. "அந்த ஆளுக்கு நீங்கள் கொடுத்த பதிலுக்காகவே மூன்று மாதம் சும்மா பார்க்கலாம்" என்றார். வேண்டாம் என்றேன். சும்மா வேலை வாங்கினால் அதற்கு வேறு பெயர்.

ஓய்வுபெற்ற மட்டுறுத்துநர்:

சந்தாவைவிட நுழைவுக் கட்டணம் மேல் என்பது என் கட்சி. 1999இல் தொடங்கிய மெட்டாஃபில்டர் என்ற அமெரிக்க விவாதத் தளம், 2004இல் புதிய உறுப்பினர்களிடம் ஒரே ஒரு முறை 5 டாலர் வாங்கத் தொடங்கியது. அந்தத் தொகையால் யாரும் பணக்காரராகப் போவதில்லை. ஆனால் போலிக் கணக்குக்காரன் நூறு கணக்குத் திறக்க வேண்டுமென்றால் நூறு முறை பணம் கட்ட வேண்டும். அவன் வேறு வாசலைப் பார்த்துப் போய்விடுவான். நாங்களும் அப்படியே செய்தோம். காலையில் வந்ததும் போலிப் பதிவுகளை அள்ளிக் கொட்டுகிற வேலை ஒரே வாரத்தில் நின்றது.

ஆனால் அதே தளத்துக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் விளம்பரத்திலிருந்து வந்தது. 2012 நவம்பரில் கூகுள் தேடலிலிருந்து வருபவர்களின் எண்ணிக்கை திடீரென்று சரிந்தது. ஒன்றரை ஆண்டு தாக்குப்பிடித்துவிட்டு, 2014இல் சம்பள மட்டுறுத்துநர்கள் சிலரை அனுப்ப வேண்டியதாயிற்று. உள்ளே யாரும் தவறு செய்யவில்லை. வாசலுக்கு வரும் சாலையை யாரோ திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

விடை எழுதுபவன்:

நான் எந்த மன்றத்துக்கும் முதலாளி இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பல மன்றங்களில் சும்மா விடை எழுதுகிறவன். மேலே இருப்பதையெல்லாம் படித்தேன். எல்லோருக்கும் உறுத்தல் இருக்கிறது, சரி. எங்கள் பங்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் கோலோச்சிய காலத்தில் அதன் அரட்டை அறைகளையும் விவாதப் பலகைகளையும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பார்த்துக்கொண்டார்கள். நேரம் குறித்துப் பணி, அறிக்கை, பயிற்சி எல்லாம் உண்டு. ஊதியம் மட்டும் கிடையாது. இது வேலைதான் என்று அவர்களில் சிலர் 1999இல் வழக்குப் போட்டார்கள். அது 2010இல் ஒன்றரைக் கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ரெடிட் விவாதத் தளம் 2024 மார்ச்சில் பங்குச்சந்தைக்கு வந்தபோது, மட்டுறுத்துநர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்த மரியாதை என்ன தெரியுமா? பொது வெளியீட்டு விலையில் பங்கு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு. அதாவது, இத்தனை ஆண்டு சும்மா உழைத்தீர்கள், இப்போது பணமும் கொண்டுவாருங்கள்.

ஒரு மன்ற உரிமையாளரை நேரில் சந்தித்தபோது இதைக் கேட்டேன். "உங்களுக்குக் காசு கொடுத்தால் நீங்கள் இப்படி எழுத மாட்டீர்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர் சொன்னது பொய் என்று சொல்ல முடியவில்லை. கோபம் குறையவுமில்லை.

தையல் இயந்திர மன்றத்தின் நிர்வாகி:

கோபம் நியாயமானது. நான் அதிகம் எழுதுபவர்களுக்குச் சந்தாவை நீக்கியிருக்கிறேன். போதாது என்பதும் தெரியும்.

தானியங்கி மடல்களை நம்பியவன்:

என்னுடையது வேறு மாதிரி. நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் பேசிக்கொள்ளும் குழு. மருந்து விளம்பரம் வேண்டாமென்று முதலிலேயே முடிவு செய்ததால் வருமானம் முழுவதும் விருப்பச் சந்தா. வேலை குறையட்டுமென்று எல்லாவற்றையும் தானாக நடக்கும்படி அமைத்திருந்தேன். அட்டையில் பணம் எடுக்க முடியாவிட்டால் முதல் நாள் ஒரு மடல், ஏழாம் நாள் ஒன்று, பதினான்காம் நாள் ஒன்று. வாசகங்களையும் நானே எழுதினேன். மூன்றாவது மடலின் தலைப்பு: "உங்களை இழக்க எங்களுக்கு மனமில்லை."

அந்த மூன்றாவது மடலுக்கு ஒருநாள் பதில் வந்தது. "அப்பா இறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. எங்களுக்கும் மனமில்லைதான்."

வேறொரு வார்த்தையும் இல்லை. டயாலிசிஸ் நாட்களில் நள்ளிரவில் விழித்திருந்து, புதிதாக வந்தவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். பத்தொன்பது நாள் அவரைக் காணவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அட்டையில் பணம் வரவில்லை என்பதை என் மென்பொருள் கவனித்திருக்கிறது. அன்றே அந்த மடல்களை நிறுத்தினேன். இப்போது பணம் வராவிட்டால் எனக்கு ஒரு குறிப்பு மட்டும் வரும். அவர் கடைசியாக எப்போது எழுதினார் என்று பார்த்துவிட்டு, நலமா என்று கேட்டு நானே எழுதுவேன். இதனால் வருமானம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சிலர் வேண்டுமென்றே பதில் போடுவதில்லை, அது அவர்கள் உரிமை.

விற்றுவிட்டவன்:

சுருக்கமாகச் சொல்கிறேன். மன்றங்களை மொத்தமாக வாங்கும் நிறுவனம் ஒன்றுக்கு என்னுடையதை விற்றேன். நல்ல விலை, கடனை அடைத்தேன், அதில் வருத்தமில்லை. மூன்று ஆண்டு அதே துறையில் வேறு மன்றம் தொடங்கக் கூடாது என்று ஒப்பந்தம்.

ஆறு மாதம் கழித்து என் பழைய பதிவு ஒன்றைத் தேடிப் போனேன். நான் எழுதிய வாக்கியத்தின் நடுவே "திருப்புளி" என்ற சொல் மட்டும் நீலமாகியிருந்தது. சொடுக்கினால் ஒரு கடைக்குப் போகிறது. பதினோரு ஆண்டுக்கு முன்பு எழுதிய சொல், யாரோ தரகு வாங்குகிறார்கள். திருத்தலாமென்று உள்நுழைந்தேன். "உங்களுக்கு இந்த அனுமதி இல்லை" என்று வந்தது. அந்த அறிவிப்பின் வாசகம் ஒரு காலத்தில் நான் எழுதியது.

விடை எழுதுபவன்:

வாக்கியம் உங்களுடையது, நீலச் சொல் அவர்களுடையது. எங்களுக்கு இது முதல் நாளிலிருந்தே பழக்கம். வரவேற்கிறோம்.

இழையைத் தொடங்கியவர்:

விடை எழுதுபவன் சொன்னதைப் படித்த பிறகு இரண்டு நாள் சும்மா இருக்க முடியவில்லை. போய்விட்ட அந்த மனிதரின் மின்னஞ்சல் பதிவேட்டில் இருந்தது. அந்த இரவில் ஏன் தாமதித்தேன் என்று மறைக்காமல் எழுதினேன். அவருடைய விடைகளை எடுத்துவிட வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன், வைத்திருந்தால் அந்தப் பக்கங்களின் வருமானத்தில் பங்கு தருகிறேன் என்றும் சொன்னேன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. பங்கைப் பற்றிப் பேச்சே இல்லை. "எதையும் எடுக்க வேண்டாம். இருபத்து மூன்றாம் பக்கத்தில், தகடுகளைத் திரும்பப் பொருத்தும் வரிசையில், நான்காவதையும் ஐந்தாவதையும் இடம் மாற்றி எழுதிவிட்டேன். யாராவது அதைப் பார்த்துப் பிரித்து மாட்டினால் ஷட்டர் சிக்கிக்கொள்ளும். திருத்திவிடுங்கள்."

பூட்டைத் திறந்து, வரிசையைச் சரிசெய்து, மறுபடி பூட்டினேன். அந்த இழையில் விளம்பரத்தையும் எடுத்துவிட்டேன்.