வீதிக்கரைப் புல் வெட்டும்போது கல் தெறிக்கிறது: எந்தப் பக்கம் பார்த்து வெட்டுவது?

கேட்டவர்: முறிகண்டிப் பக்கம்

வணக்கம். ஏ9 வீதியோரமாக இருக்கும் ஒரு பாடசாலையில் சிற்றூழியராக இருக்கிறேன். வளவுக்குள் உள்ள புல்லோடு, மதிலுக்கு வெளியே வீதிவரைக்கும் உள்ள புல்லையும் நான்தான் வெட்டுகிறேன். நீளம் 120 மீற்றர் இருக்கும், அகலம் 4 மீற்றர். மாரி முடிந்து தை பிறந்தால் புல் இடுப்பளவுக்கு நிற்கும். பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பதும் அதற்குள்தான். பாம்புக்கும் நுளம்புக்கும் பயந்து அதிபர் வெட்டச் சொல்கிறார், அதில் பிழை சொல்ல மாட்டேன்.

போன கிழமை மெஷினில் அடிபட்ட கிரவல் கல் ஒன்று தெறித்து, மோட்டார் சைக்கிளில் போனவரின் ஹெல்மெற்றில் பட்டது. நல்லகாலம், அவர் முகக்கண்ணாடியை மூடியிருந்தார். பின்னால் நாலைந்து வயதுப் பிள்ளை ஒன்று ஹெல்மெற் இல்லாமல் இருந்தது. அவர் ஏசவில்லை, "பார்த்து வெட்டுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மெஷின், பெற்றோலில் ஒயில் கலந்து விடும், தோளில் கொழுவும் வகை. இரும்பு பிளேட் போட்டிருக்கிறேன். பிளேட்டுக்கு மேல் வரும் பிளாஸ்டிக் மறைப்பு என் கைக்கு வரும்போதே இல்லை. கண்ணுக்கு வெயில் கண்ணாடி, காலுக்குச் செருப்பு. இவ்வளவுதான்.

வாகனம் முன்னால் வருவது தெரியட்டும் என்று, வரும் வாகனத்தைப் பார்த்தபடி வெட்டிக்கொண்டு போகிறேன். அது சரியா? கல் வீதிப் பக்கம் போகாமல் வெட்ட வழி இருக்கிறதா? இந்த வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வவுனியா கராஜ்

அண்ணை, இந்த மெஷின்களைத் திருத்துவதுதான் என் தொழில். உங்கள் கல் ஏன் வீதிக்குப் போனது என்று முதலில் சொல்கிறேன்.

நேர்த்தண்டு மெஷினில் பிளேட், மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். சந்தேகம் என்றால் மறைப்பிலோ கியர்ப் பெட்டியிலோ அம்புக்குறி இருக்கும், பாருங்கள். அப்படிச் சுற்றும் பிளேட்டின் முன்விளிம்பு வலமிருந்து இடமாக ஓடுகிறது. அங்கே அடிபடும் கல் இடப்பக்கம் போகும், வலது விளிம்பில் அடிபடுவது முன்னால் போகும். நமது நாட்டில் வாகனம் இடது பக்கம் ஓடுகிறது. நீங்கள் வாகனத்தைப் பார்த்தபடி நடந்தால் வீதி உங்கள் இடக்கைப் பக்கம் வந்துவிடும். அதாவது கல் போகும் பக்கத்திலேயே வீதியை வைத்துக்கொண்டு வெட்டியிருக்கிறீர்கள். கவனக்குறைவு என்று யாரும் சொல்ல முடியாது, வாகனம் தெரியவேண்டும் என்று நினைத்தது நல்ல எண்ணம்தான்.

மறுபக்கம் திரும்பி, வீதி வலக்கைப் பக்கமும் மதில் இடக்கைப் பக்கமும் வரும்படி நடந்தால் பெரும்பாலான கல் மதிலில் போய் அடிக்கும். ஆனால் அப்போது வாகனம் முதுகுக்குப் பின்னால் வரும். அதற்கு என்ன செய்வது என்று வீதி வேலை செய்தவர்கள் சொல்லட்டும்.

மறைப்பு இல்லாத மெஷினைத் தொடவே வேண்டாம். அந்த மறைப்பு வீதிக்கு அல்ல, உங்கள் காலுக்கும் முகத்துக்கும். இடது விளிம்பில் படும் கல் நேரே உங்களை நோக்கித்தான் வரும். கடையில் தனியாக வாங்கலாம், மெஷினின் பெயரையும் மொடலையும் சொன்னால் போதும்.

கிரவல் கரைக்கு இரும்பு பிளேட்டும் சரிவராது. தங்கூசி, அதாவது நைலோன் நூல், சுற்றிய உருளை போடுங்கள். தங்கூசியிலும் கல் தெறிக்கும், ஆனால் வேகம் குறைவு. பிளேட் உடைந்து துண்டு பறக்கும் பயமும் இல்லை. பற்றை தடித்த இடத்துக்கு மட்டும் பிளேட்டை வைத்திருங்கள். பிளேட் நட் இடப்புரி, கழற்றும்போது வழக்கமான பக்கம் திருகி உடைத்துவிடாதீர்கள். கல்லில் அடிபட்டு மெஷின் அதிரத் தொடங்கினால் உடனே நிறுத்திப் பிளேட்டைப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் எறியுங்கள். வெல்டிங் பிடித்துத் திரும்பப் போடுபவர்களைக் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், அக்சிலேற்றரை விட்டபின்னும் பிளேட் சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலில் பிளேட் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் கொண்டு வாருங்கள், சின்ன வேலைதான்.

பதில்: புதுக்குடியிருப்புத் தம்பி

தங்கூசி அடிக்கடி அறுகிறது என்று நான் கட்டுக்கம்பி போட்டு வெட்டுகிறேன். ஒரு வருடமாகப் பிரச்சினை இல்லை. நன்றாக வெட்டும்.

பதில்: வவுனியா கராஜ்

தம்பி, இன்றைக்கே கழற்றுங்கள். தங்கூசி அறுந்தால் பிளாஸ்டிக் துண்டு. கம்பி அறுந்தால் அந்த வேகத்தில் சன்னம் மாதிரிப் போகும், எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பிளேட்டைப் போல அதற்கு ஒரு பக்கம், ஒரு திசை என்றும் கிடையாது. தங்கூசி அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் மதிலிலும் கல்லிலும் நேரே முட்டுவதுதான். நுனியால் மட்டும் வெட்டுங்கள். காய்ந்த தங்கூசி இலகுவில் முறியும், முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் கூடுதலாக நின்றுபிடிக்கும்.

பதில்: முகமாலை அக்கா

நான் பல வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். புல் வெட்டுவதைப் பற்றி எங்களிடம் கேட்டால் இரண்டு விடயம் சொல்வோம்.

முதலாவது முகம். வெயில் கண்ணாடி கண்ணைக் காக்காது, அது உடைந்தால் அந்தத் துண்டே கண்ணுக்குள் போகும். நாங்கள் நெற்றியிலிருந்து தாடைக்குக் கீழ்வரை மூடும் பொலிகார்பனேற் முகமறைப்பு இல்லாமல் வேலைப் பாதைக்குள் கால் வைக்கமாட்டோம். வெயிலில் வியர்த்து ஊற்றும், கழற்றவேண்டும் போல இருக்கும். கழற்றவேண்டும் என்றால் வேலையை நிறுத்தி, வெளியே வந்து கழற்றுவோம். அதே பழக்கத்தை நீங்களும் பிடியுங்கள். புல் வெட்டுபவர்களுக்கான வலைமறைப்பும் கடையில் உண்டு, ஆனால் சின்னத் துணிக்கை வலைக்குள்ளால் வரும். வலை போட்டால் அதற்குள் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள்.

இரண்டாவது நிலம். வெட்டுவதற்கு முதல் ஒரு நீளத் தடியால் புல்லை விலக்கிக்கொண்டு முழு நீளமும் நடந்து பாருங்கள். கல், போத்தல், கம்பி, யோகட் கப், எல்லாம் பொறுக்குங்கள். நீங்கள் பொறுக்காத ஒவ்வொரு கல்லும் மெஷின் எறியப்போகும் கல். தடியால் தட்டிக்கொண்டு நடந்தால் புடையனும் விலகிப் போக நேரம் கிடைக்கும். செருப்போடு அந்தப் புல்லுக்குள் இறங்கவேண்டாம், முழங்கால் உயர பூட்ஸ் போடுங்கள்.

இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, வேலை இன்னும் நடக்கிறது. ஏ9 கரை எத்தனையோ தடவை பார்க்கப்பட்ட இடம்தான். ஆனாலும் மழை மண்ணைக் கழுவுகிறது, வேறு இடத்துக் கிரவலையும் லொறியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். துருப்பிடித்த இரும்பு உருண்டையோ குழாயோ பிளாஸ்டிக் டப்பாவோ கண்டால் மெஷினை நிறுத்துங்கள். தொடவேண்டாம், தட்டிப் பார்க்கவேண்டாம், கிணற்றுக்குள் போடவும் வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பி வந்து, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்து, அதிபருக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லி 119க்கு எடுங்கள். பிள்ளைகளைச் சிரமதானத்துக்கு அந்தக் கரையில் இறக்கவேண்டாம் என்பதும் இதனால்தான்.

பதில்: வீதி வேலைக்காரன்

வீதிக்கரை துப்பரவு வேலையில் இருந்தவன் நான். முதுகுக்குப் பின்னால் வாகனம் வரும் பிரச்சினைக்கு ஒரே வழி இரண்டாவது ஆள்தான். அந்த ஆளை எங்கே நிறுத்துவது என்பதில்தான் விடயம் இருக்கிறது.

பலர் பின்னால் நிறுத்தி விசில் கொடுக்கிறார்கள். மெஷின் சத்தத்தில் விசில் கேட்காது, காதில் மறைப்பும் போட்டிருந்தால் சுத்தமாகக் கேட்காது. காவல் ஆளை உங்களுக்கு முன்னால், 20 மீற்றருக்குக் குறையாமல், உங்களைப் பார்த்தபடி நிறுத்துங்கள். மெஷின் புத்தகங்கள் 15 மீற்றருக்குள் யாரும் நிற்கக்கூடாது என்கின்றன, கிரவல் கரைக்கு நான் அதைக் கூட்டித்தான் சொல்வேன். அந்த ஆளுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அங்கே நின்றால் உங்களையும் தெரியும், உங்களுக்குப் பின்னால் வரும் வாகனமும் தெரியும். கையில் சிவப்புக் கொடி. கொடி உயர்ந்தால் நீங்கள் அக்சிலேற்றரை விட்டு, வாகனம் கடக்கும்வரை நிற்கவேண்டும். சத்தம் தேவையில்லை, கண் போதும்.

மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு செக்கனில் 19 மீற்றர் வரும். கொடியைக் கண்டு, கையை விட்டு, தங்கூசி நிற்க நாலைந்து செக்கன் வேண்டாமா? அப்படியென்றால் 100 மீற்றருக்கு அப்பால் வரும் வாகனம் காவல் ஆளுக்குத் தெரியவேண்டும். மதகோ வளைவோ மரமோ மறைக்கும் இடத்தில் மெஷினே வேண்டாம், அரிவாள்தான். டிப்பர்கள் எல்லாம் 70இல் வருவதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

வீதி விளிம்பிலிருந்து முதல் ஒரு மீற்றரையும் அரிவாளால் வெட்டுங்கள். கல் கூடுதலாகக் கிடப்பதும் வாகனம் உரசிப்போவதும் அந்த ஒரு மீற்றரில்தான். மிச்சத்துக்கு, பச்சை நெற்றை, அதாவது வலையை, இரண்டு தடியில் கட்டி உங்களுக்கும் வீதிக்கும் நடுவில் நட்டு, வெட்ட வெட்ட நகர்த்துங்கள்.

நேரம் முக்கியம். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. எட்டரைக்கும் பத்தரைக்கும் இடையில் வெட்டுங்கள். பிள்ளைகள் உள்ளே, வெயிலும் ஏறியிருக்காது. மஞ்சளோ செம்மஞ்சளோ மினுங்கும் மேலங்கி போடுங்கள், பச்சைச் சேட்டோடு புல்லுக்குள் நிற்கும் ஆளை ஓட்டுநருக்குத் தெரியாது.

இன்னொன்று. ஏ9 போன்ற ஏ, பி தர வீதிகளின் கரை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. மதிலுக்கு வெளியே வெட்டவேண்டியது நீங்கள் என்று எங்கும் எழுதியிருக்காது. அதிபர் மூலமாக அவர்களுக்குக் கடிதம் கொடுங்கள். வெட்டவராவிட்டாலும் எச்சரிக்கைப் பலகையும் கூம்புகளும் கேட்கலாம்.

பதில்: தாதி, கிளிநொச்சி

எல்லோரும் நல்லது சொல்லியிருக்கிறீர்கள். கண்ணில் பட்டபின் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

தூசி மட்டும் என்றால் சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். கல்லோ கம்பியோ வேகமாகப் பட்டு வலி, மங்கல், இரத்தம் இருந்தால் கசக்கவேண்டாம், கழுவவேண்டாம், குத்தி நிற்பதை இழுக்கவேண்டாம். கண்ணை அழுத்தாதபடி ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து மேலே ஒட்டிக்கொண்டு வாருங்கள். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசம்.

புல்லோ இலையோ கீறினால் அடுத்தநாள் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். தாவரத்தால் வரும் கீறலில் பூஞ்சணம் பிடித்து, கருவிழியில் புண்ணாகும். சில நாள் கழித்துத்தான் சிவந்து வெள்ளை படரும். தாய்ப்பால் விடுவது, பாமசியில் கேட்டு ஏதாவது துளி விடுவது இரண்டும் ஆபத்து. ஸ்டீரொயிட் கலந்த துளி என்றால் பூஞ்சணம் இன்னும் வேகமாகப் பரவும். பார்வை போனபின் வருபவர்களைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை.

காதையும் விடாதீர்கள். 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணித்தியாலம் இருக்கலாம் என்றால், 3 டெசிபெல் கூடக்கூட அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணித்தியாலம்தான் கணக்கு. இந்த மெஷின்களின் சத்தம் அதற்குக் கிட்ட வரும். பஞ்சு போதாது, காதுமறைப்பு வேண்டும்.

பார்த்தீனியம் என்ற களை இருந்தால் மெஷினால் அடிக்கவேண்டாம். தூள் தோலிலும் மூச்சிலும் பிடிக்கும், பூத்திருந்தால் விதையையும் பரப்பும். பூக்க முதல், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள்.

கேட்டவர்: முறிகண்டிப் பக்கம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன்.

மறைப்பும் தங்கூசி உருளையும் வாங்கிப் பூட்டியாயிற்று, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் காசு தந்தது. முகமறைப்பும் பூட்ஸும் வந்துவிட்டன, காதுமறைப்பு அடுத்த மாதம். காவலாளி ஐயா கொடி பிடிக்கிறார். நேற்று வீதி வலக்கைப் பக்கம் வர 60 மீற்றர் வெட்டினேன். முதலில் நடந்து பார்த்ததில் ஒரு வாளி நிறையக் கல்லும் மூன்று உடைந்த போத்தலும் வந்தன. இதையெல்லாம் இவ்வளவு நாளும் மெஷினால் அடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று நினைக்கவே நடுக்கமாக இருந்தது. மதகுப் பக்கம் 15 மீற்றரை அரிவாளுக்கு விட்டுவிட்டேன். அதிகார சபைக்கு அதிபர் கடிதம் எழுதிவிட்டார்.

ஒரு சந்தேகம். கொடி உயர்ந்த ஒவ்வொரு தடவையும் நிற்பதால் வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. அதிபருக்கு எப்படிச் சொல்வது? பச்சை நெற் எவ்வளவு உயரம் வேண்டும்?

பதில்: வீதி வேலைக்காரன்

நெற் ஒன்றரை மீற்றர் உயரம் இருக்கட்டும், அடி நிலத்தோடு முட்டவேண்டும். கல் கூடுதலாகத் தாழ்வாகத்தான் வரும். காற்றுக்குச் சாயாமல் தடிக்கு அடியில் மண்மூட்டை வையுங்கள், நெற்றே வீதியில் விழுந்தால் அது வேறு ஆபத்து.

நேரத்தைப் பற்றி: ஒரே நாளில் முடிக்கவேண்டாம், 120 மீற்றரை மூன்று நாளாகப் பிரியுங்கள். அதிபரை ஒருநாள் காலையில் காவலாளி ஐயாவுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கொடி எத்தனை தடவை உயர்கிறது என்று அவரே எண்ணிக்கொள்வார்.