ஹோண்டா பி16ஏ எஞ்சினில் அட்ஜஸ்டபிள் கேம் கியர்: ஏறிய பவர் கேமால் வந்ததா, இக்னிஷனால் வந்ததா?

கிள்ளான்_ஈஜி
என் ஈஜி மாடல் சிவிக்கில் ஓடுவது ஹாஃப்-கட்டில் (ஜப்பானில் இருந்து பாதியா வெட்டி வந்த பழைய கார்) இருந்து இறக்கிய பி16ஏ. கேம் (வால்வுகளைத் திறந்து மூடுற தண்டு) ஸ்டாக்தான், கம்பெனி போட்டதே. போன வாரம் இரண்டு பக்கமும் அட்ஜஸ்டபிள் கியர் போட்டேன், கேமைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ திருப்பி வைக்கலாம். இன்டேக் (காற்று உள்ளே வர்ற பக்கம்) 2 டிகிரி அட்வான்ஸ் (முன்கூட்டி), எக்ஸாஸ்ட் (புகை வெளியே போற பக்கம்) சைபர். அன்றைக்கே டைனோவில் (பவர் அளக்குற மெஷின்) ஏற்றினோம், வீலில் 6 குதிரைத்திறன் கூடியிருக்கு. 4000 ஆர்பிஎம்-க்கு மேலே வண்டி இழுக்கிற இழுப்பே வேற. ஸ்டாக் கேமுக்கு இந்த கியர் வெறும் அலங்காரம்னு சொன்னவங்க எல்லாரும் ஒரு தடவை போட்டு ஓட்டிப் பார்க்கணும். சும்மா சொல்லலை, தாள் கையில் இருக்கு.

பழைய_ஸ்பானர்
தம்பி, தாளை நம்புகிறேன். கியர் பூட்டிய பிறகு டைமிங் லைட் (பொறி எப்போது விழுகிறது என்று காட்டும் விளக்கு) பிடித்தீர்களா? பி சீரிஸில் டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்புவது) இன்டேக் கேமின் வால் முனையில் உட்கார்ந்திருக்கிறது. சென்சார்களும் அதற்குள்ளேதான். நீங்கள் இன்டேக் கேமைத் திருப்பினால் வால்வு மட்டும் சீக்கிரம் திறக்காது, பொறியும் சீக்கிரம் விழும். கேமின் ஒரு டிகிரி என்றால் கிராங்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு. உங்கள் கியரில் உள்ள கோடுகள் கேம் டிகிரி என்றால், 16 டிகிரியில் இருக்க வேண்டிய பேஸ் டைமிங் (பொறியின் அடிப்படை நேரம்) இப்போது 20-ல் நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்களைத் தளர்த்தி லேசாகத் திருப்பியிருந்தால், அந்த 6 குதிரையில் பெரும்பங்கு ஒரு காசு செலவில்லாமல் வந்திருக்கும்.

கிள்ளான்_ஈஜி
ஒர்க்‌ஷாப்பில் டைமிங் லைட் பிடிக்கலை, அதை ஒத்துக்கிறேன் அண்ணே. ஆனா எல்லாமே இக்னிஷன்தான்னு எப்படிச் சொல்றீங்க? இன்டேக் வால்வு சீக்கிரம் மூடினால், பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே வந்த காற்று திரும்ப வெளியே போகாமல் மாட்டிக்கும். நடு ஆர்பிஎம்-மில் டார்க் ஏறுறதுக்குக் காரணம் அதுதானே?

பழைய_ஸ்பானர்
அந்தக் காரணம் சரி. அதற்கான விலையை மேல் ஆர்பிஎம்-மில் கட்டுவீர்கள். 7000-க்கு மேல் காற்று வேகம் பிடித்த பிறகு, வால்வு கொஞ்சம் தாமதமாக மூடினால்தான் சிலிண்டர் நிறையும். இன்டேக்கை அட்வான்ஸ் செய்து மேலேயும் பவர் கூடியிருக்கிறது என்றாலே எனக்குச் சந்தேகம் இக்னிஷன் மேல்தான். இன்னொன்று: இந்த எஞ்சினில் கம்ப்ரஷன் 10-க்கு மேல். 4 டிகிரி கூடுதல் இக்னிஷனோடு ரான் 95 பெட்ரோல் ஊற்றி கெந்திங் மலை ஏறினால் நாக்கிங் (எரிபொருள் தவறான நேரத்தில் வெடிக்கும் தட்டல்) கேட்கும் முன்பே பிஸ்டன் அடி வாங்கிவிடும்.

சிப்பாங்_ஞாயிறு
அண்ணன் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன், மீதிக்கு இல்லை. டைமிங் லைட் கட்டாயம். ஆனால் ஸ்டாக் கேமுக்கு அட்ஜஸ்டபிள் கியர் வீண் என்பதை ஏற்க முடியாது. ஹாஃப்-கட் எஞ்சினின் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) ஜப்பானில் எத்தனை தடவை ஸ்கிம் ஆனது (அடிப்பரப்பு சீவப்பட்டது) என்று யாருக்குத் தெரியும்? ஹெட் தேயத் தேய கேமுக்கும் கிராங்குக்கும் இடையே தூரம் குறையும், கேம் ரிடார்ட் (தாமத) பக்கம் சாயும். ஃபேக்டரி கியரின் கோடு நேராக நிற்கும், ஆனால் கேம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. அதைத் திரும்பச் சைபருக்குக் கொண்டுவர இந்த கியரைவிட எளிய வழி இல்லை.

பழைய_ஸ்பானர்
அளந்து போடுகிறவருக்கு நான் எப்போதும் எதிரி இல்லை. இவர் அளக்கவில்லையே. கியரில் அச்சடித்த கோட்டைப் பார்த்து 2 என்று வைத்தார். எந்தச் சைபரில் இருந்து 2? ஏற்கெனவே ஒரு டிகிரி ரிடார்ட்டில் இருந்திருந்தால் இப்போது அட்வான்ஸ் 1 மட்டுமே.

பினாங்கு_வீடெக்
இடையில் ஒரு கேள்வி. அளப்பது என்றால் எப்படி? நான் பிஸ்டன் மேல் களிமண் வைத்து வால்வு-பிஸ்டன் இடைவெளி பார்த்தேன், தாராளமாக இருந்தது. அப்படியென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் திருப்பலாமா?

சிப்பாங்_ஞாயிறு
ப்ரோ, நிறுத்துங்க! கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தீர்களா? வீடெக் எஞ்சினில் குறைந்த வேகத்துக்கு லோ கேம், அதிக வேகத்துக்கு ஹை கேம் என்று இரண்டு உண்டு; கையால் சுற்றினால் வால்வு லோ கேமின் சொற்படிதான் நடக்கும். ஹை கேம் தள்ளும் நடு ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) தனியாக ஆடிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்த்தது லோ கேமின் இடைவெளி. ராக்கர் பின்களைக் காற்றழுத்தத்தால் பூட்டி, மூன்று ராக்கரும் சேர்ந்து நகரும்படி செய்துவிட்டுக் களிமண் வையுங்கள். பொதுவாக இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பார்கள். இன்டேக்கை அட்வான்ஸ் செய்வதும் எக்ஸாஸ்ட்டை ரிடார்ட் செய்வதும்தான் வால்வைப் பிஸ்டன் பக்கம் கொண்டுபோகிற திசைகள்.

கேமை அளக்க: முதலில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனை வழியில் தடுக்கும் கருவி) போட்டு, கிராங்கை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பி, டிகிரி வீலில் நடுவை எடுத்தால் உண்மையான டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கிடைக்கும். புல்லி கோட்டை நம்ப வேண்டாம். டயல் கேஜின் முனையை நடு ராக்கர் மேல் வையுங்கள். வால்வு ரிடெய்னரில் வைத்தால் மறுபடி லோ கேமைத்தான் படிப்பீர்கள். லோபின் (கேமின் புடைப்பு) உச்சியில் ஊசி கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், அதனால் உச்சியை நேரடியாகக் குறிக்காதீர்கள். உச்சிக்கு முன்னும் பின்னும் ஒரே லிஃப்ட் காட்டுகிற இரண்டு இடங்களின் டிகிரியைக் குறித்து நடுவை எடுங்கள். சுற்றும்போது இடஞ்சுழியாக மட்டும். இந்த ஹோண்டா அந்தப் பக்கம்தான் சுற்றும், பின்னால் திருப்பினால் பெல்ட் தொய்ந்து அளவு பொய்யாகிவிடும்.

பழைய_ஸ்பானர்
இதைத்தான் நான் கேட்டேன். கூடவே லாக் போல்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பழைய வண்டியில் ஒரு கடையில் போட்ட கியரின் லாக் போல்ட்களுக்கு யாரும் டார்க் ரெஞ்ச் வைக்கவில்லை, திரெட்லாக்கரும் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) தடவவில்லை. நெடுஞ்சாலையில் கியர் சறுக்கியது. பி16ஏ-வில் கேம் நகர்ந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். வளைந்த வால்வுகளை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்த அந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஃபேக்டரி கியரில் நகர்வதற்கு எதுவுமே இல்லை, ஒரே துண்டு. தெருவில் ஓடும் வண்டிக்கு அந்த நிம்மதி பெரிது என்பதே என் வாதம்.

சிப்பாங்_ஞாயிறு
அது பூட்டியவர் செய்த தவறு அண்ணே, கியரின் தவறு இல்லை. பூட்டிய பிறகு போல்ட் தலையிலும் கியரிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுவேன். ஒவ்வொரு டிராக் டேக்குப் பிறகும் மேல் கவரைத் திறந்து பார்ப்பேன். இதுவரை ஒரு கோடும் விலகியதில்லை.

கிள்ளான்_ஈஜி
நேற்று டைமிங் லைட் பிடித்தேன். டாஷ்போர்டுக்குக் கீழே சர்வீஸ் கனெக்டரை ஷார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு பார்த்தால், சிவப்புக் கோட்டைத் தாண்டி 20-ல் நிற்குது. ஸ்பானர் அண்ணன் சொன்னது அப்படியே. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 16-க்குக் கொண்டுவந்து, அதே டைனோவில் மறுபடி ஏற்றினேன். உச்சப் பவர் கியர் போடுறதுக்கு முன்னே இருந்ததைவிட 2 குதிரை குறைவு. ஆனா 4000-ல் இருந்து 5500 வரை இன்னும் 3 கூடுதலாத்தான் இருக்கு. வீடெக் மாறுற இடத்தில் இருந்த அந்தப் பள்ளமும் சின்னதாயிருச்சு.

கியரைக் கழட்டப் போறதில்லை. காராக் மலைச்சாலையில் மூணாவது கியரில் ஏறும்போது நான் இருக்கிறதே அந்த 4000-5500-லதான். உச்சியில் போன 2 எனக்கு வேண்டாம்.

பழைய_ஸ்பானர்
நேர்மையாக அளந்து போட்டதற்கு நன்றி தம்பி. 3 குதிரைக்கு இரண்டு கியர், பெல்ட் வேலை, டைனோ வாடகை என்பது எனக்கு இன்னும் அதிகம்தான். அந்தப் பணத்தில் நான் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கேம் சீல் மூன்றையும் மாற்றிவிடுவேன்.

சிப்பாங்_ஞாயிறு
கியரை அங்கேயே விடுங்க. ஞாயிறு காலையில் கிள்ளான் வருகிறேன், டிகிரி வீலும் டயல் கேஜும் கொண்டுவருகிறேன். உங்கள் ஹெட் ஸ்கிம் ஆனதா இல்லையா என்று முதலில் பார்ப்போம். ஏற்கெனவே ரிடார்ட்டில் இருந்திருந்தால், உங்கள் 2 வெறும் பழைய இடத்துக்குத் திரும்பியதாகவும் இருக்கலாம்.

பழைய_ஸ்பானர்
அளவு எடுத்தவுடன் இங்கே போடுங்கள். லாக் போல்ட்டைத் தொடும் முன்னால் இப்போதைய இடத்தை ஊசியால் கீறி வைத்துக்கொள்ளுங்கள், மார்க்கர் எண்ணெயில் அழிந்துவிடும்.