மெல்போர்ன் புதுவரவுகளுக்கு: டெஸ்ட் தெரியும், ஃபுட்டி மட்டும் பிடிபட மாட்டேன் என்கிறதா?

கேள்வி

மெல்போர்ன் வந்து மூன்று மாதம் ஆகிறது. டெஸ்ட் கிரிக்கெட் என்றால் உயிர். ஆனால் இங்கே திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் முழுக்க ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) பேச்சுதான். "உன் டீம் எது?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். டிவியில் போட்டால் முப்பத்தாறு பேர் ஒரு பந்துக்கு அடித்துக்கொள்வது மட்டும்தான் தெரிகிறது. டிசம்பர் 26 டெஸ்ட்டுக்கும் போக ஆசை. எங்கிருந்து தொடங்குவது? தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பதில்

தம்பி, டெஸ்ட் பார்க்கத் தெரிந்தவருக்கு ஃபுட்டி பாதி தெரிந்த மாதிரிதான். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் ஆட்டக்காரர், குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்கள் சோம்பிக் கிடக்காமல் உடம்பைத் தேற்றிவைக்க ஒரு கால்பந்து கிளப் வேண்டும் என்று இங்குள்ள பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு மே மாதம் மெல்போர்ன் கிளப்பினர் விதிகளை எழுதிவைத்தார்கள். பிற்பாடு ஆட்டம் கிரிக்கெட் மைதானங்களுக்குள் வந்தது. ஃபுட்டி மைதானம் செவ்வகமாக இல்லாமல் முட்டை வடிவில் இருப்பதும், ஊருக்கு ஊர் அளவு மாறுவதும் அதனால்தான். நீளம் 135 மீட்டரிலிருந்து 185 மீட்டர் வரை எதுவாகவும் இருக்கலாம்.

முதலில் ஸ்கோரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவில் உயரமான இரண்டுக்கும் இடையே, யார் கையும் படாமல் காலால் அடித்துப் போனால் கோல், 6 புள்ளி. அந்த உயரமான கம்பத்தில் பட்டாலோ, போகும் வழியில் யாராவது தொட்டாலோ, ஓரத்துக் குட்டைக் கம்பத்துக்கு உள்ளே போனாலோ பிஹைண்ட், 1 புள்ளி. பலகையில் 12.10.82 என்று இருந்தால் 12 கோல், 10 பிஹைண்ட், மொத்தம் 82. கோல் விழுந்ததும் கம்பத்தடியில் நிற்கும் அம்பயர் இரண்டு கைச் சுட்டுவிரலையும் முன்னால் நீட்டிக் காட்டி, பிறகு இரண்டு வெள்ளைக் கொடியை எடுத்து ஆட்டுவார். மறுமுனைக் கம்பத்தடியில் இருப்பவர் பதிலுக்கு ஆட்டுவார். பிஹைண்டுக்கு ஒரு விரல், ஒரு கொடி. சத்தத்தில் ஒன்றும் புரியாவிட்டாலும் கொடியைப் பார்த்தால் போதும்.

ஆட்டம் நான்கு குவார்ட்டர். கணக்குக்கு 20 நிமிடம் என்றாலும் பந்து நிற்கும்போதெல்லாம் கடிகாரமும் நிற்பதால் ஒவ்வொன்றும் அரைமணி நேரம் வரை இழுக்கும். இடைவேளையையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

விதிகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் முதல் ஆட்டத்துக்குப் போதும். ஒன்று மார்க். குறைந்தது 15 மீட்டர் உதைத்து வந்த பந்தைத் தரையில் படாமல் பிடித்துவிட்டால் அவரை யாரும் தொடக்கூடாது; நிதானமாக நின்று அடுத்த உதையை அடிக்கலாம். கோல் அடிக்கும் தூரம் என்றால் 30 வினாடி தருவார்கள். அந்த நேரத்தில் நேர்க்கோட்டை விட்டு விலகி ஓடினால் அம்பயர் "ப்ளே ஆன்" என்பார், மறுபடி எல்லோரும் பாயலாம். கடைசி சைரனுக்கு முன்பு மார்க் பிடித்தவர் சைரன் அடித்த பிறகும் உதைக்கலாம். ஐந்து புள்ளி பின்தங்கிய அணி அந்த ஒரே உதையில் ஜெயிக்கும்.

இரண்டாவது ஹேண்ட்பால். பந்தை எறிவது தப்பு. ஒரு உள்ளங்கையில் வைத்து, மறு கை முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடுபவர் 15 மீட்டருக்குள் ஒருமுறை தரையில் தட்டியோ தொட்டோ ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் சண்டைக்குரியது: ஹோல்டிங் த பால். பந்தைக் கொடுத்துவிட வாய்ப்பு இருந்தும் கொடுக்காமல் டேக்கிளில் (எதிராளி பிடித்து மடக்குவதில்) மாட்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். மைதானம் முழுக்க "பா...ல்!" என்று நீட்டிக் கத்துவது இதற்குத்தான். வாய்ப்பு இருந்ததா என்பது அம்பயரின் தீர்ப்பு. எல்.பி.டபிள்யூ.வில் நாம் ஐம்பது வருடமாகச் சண்டை போடுவதைப் போல இவர்கள் இதில் போடுகிறார்கள். இதில் கட்சி சேர்ந்தாலே திங்கட்கிழமைப் பேச்சுக்குள் நீங்களும் வந்துவிடுவீர்கள்.

டிவியில் புரியாததற்குக் காரணம் உங்கள் கண் இல்லை, கேமரா. இந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது, யார் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். கேமரா பந்தை மட்டும் துரத்துகிறது. ஆட்டம் நடப்பது பந்து இல்லாத இடத்தில். ஆகவே முதல் ஆட்டத்தை நேரில் போய் மேல்தளத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பந்து நடுவில் இருக்கும்போதே முன்வரிசை ஆள் ஒருவர் தன்னைக் காப்பவரை ஒரு பக்கம் இழுத்துப்போய்விட்டு, காலியான இடத்துக்குச் சட்டென்று திரும்பி ஓடுவார். உதை அந்த இடத்துக்கு வரும். கேப்டன் ஷார்ட் லெக்கை எடுத்து டீப் ஸ்கொயருக்கு அனுப்பும்போது அடுத்த பந்து என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறோமே, அதே கண் இதற்கும் வேண்டும். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு நடுவில் பந்தைப் போடும்போது இரு அணியும் பின்னே ஆறு, நடுவே ஆறு, முன்னே ஆறு என்று நிற்க வேண்டும் என 2019 முதல் விதி இருக்கிறது. அந்த நொடியில் பார்த்தால் யாருக்கு யார் ஜோடி என்பது வெளிச்சமாகத் தெரியும்.

டீம் எதை எடுப்பது? 18 அணிகளில் ஒன்பது மெல்போர்னைச் சேர்ந்தவை, ஜிலாங் ஒரு மணி நேரத் தொலைவு. நல்ல வழி, நீங்கள் குடியிருக்கும் பகுதியின் அணி. பாயிண்ட் குக், டார்னீட் பக்கம் என்றால் ஃபுட்ஸ்க்ரேயில் வேரூன்றிய வெஸ்டர்ன் புல்டாக்ஸ். தென்கிழக்கில் ஹாதார்னுக்கு ஆட்கள் நிறைய. ஜெயிக்கிற அணியாகப் பார்த்து வருடா வருடம் மாற்றாதீர்கள், இங்கே அதை யாரும் மதிப்பதில்லை. இன்னொன்று, ஆதரிப்பதை இங்கே "பாரக்" என்பார்கள். அமெரிக்கப் படங்களில் கேட்ட "ரூட்" என்ற சொல் இந்த ஊரில் கெட்ட வார்த்தை. ஆபீஸில் வாய் தவறிவிடக் கூடாது.

ஆபீஸ் டிப்பிங் போட்டியில் அவசியம் சேருங்கள். வாரம் ஒன்பது ஆட்டம், ஜெயிப்பது யார் என்று ஊகிக்க வேண்டும், சரிக்கு ஒரு புள்ளி. வியாழன் இரவே முதல் ஆட்டம் இருக்கும் வாரங்களில் புதியவர்கள் மறந்துவிட்டுப் புள்ளியை இழப்பார்கள். பெர்த் அல்லது அடிலெய்டுக்குப் பயணம் போகும் மெல்போர்ன் அணியை யோசிக்காமல் எடுக்காதீர்கள். பாயிண்ட்ஸ் டேபிளில் வெற்றிக்கு 4, டிராவுக்கு 2; பக்கத்தில் இருக்கும் பெர்சென்டேஜ் என்பது அடித்த புள்ளியை வாங்கிய புள்ளியால் வகுத்து நூறால் பெருக்கியது, நெட் ரன்ரேட் மாதிரி. டிப்பிங்கோடு நில்லுங்கள். பந்தய ஆப் விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படும். புதிதாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் கவனம்.

அதே கேள்விக்கு இன்னொரு பதில்: டெஸ்ட் பற்றி

டிசம்பர் 26 ஆட்டம் எம்.சி.ஜி.யில் (மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம்) காலை 10.30-க்குத் தொடங்கும். மதியம் 12.30 முதல் 40 நிமிடம் உணவு, 3.10-க்குத் தேநீர், 5.30-க்கு முடிவு, 90 ஓவர் ஆகவில்லை என்றால் அரைமணி கூடும். கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் முதல் நாள். கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்றால் என் ஓட்டு மூன்றாம் நாளுக்கு. நான்காம், ஐந்தாம் நாள் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவைக்காதீர்கள். 2024-ல் இந்தியா ஆடிய டெஸ்ட் ஐந்தாம் நாள் மாலை வரை போனது. ஐந்து நாளில் 3,73,691 பேர் வந்து, 1937-ல் பிராட்மேன் காலத்துச் சாதனையை உடைத்தார்கள். 2025 ஆஷஸில் முதல் நாளே 20 விக்கெட், இரண்டே நாளில் ஆட்டம் முடிந்தது.

இந்த ஏற்ற இறக்கத்துக்கும் ஃபுட்டிக்கும் சம்பந்தம் உண்டு. குளிர்காலம் முழுக்க மைதான நடுவில் ஃபுட்டி ஆடுவதால் பிட்ச்சை வெளியே வளர்த்துக் கொண்டுவந்து பதிக்கிறார்கள். அப்படிப் பதித்த பிட்ச் இயற்கையாகப் பிளந்து தேய்வது குறைவு. புல்லை ஒட்ட வெட்டினால் 2017 போல ஆகும்: குக் ஆட்டமிழக்காமல் 244, ஆட்டம் டிரா, பிட்ச்சுக்கு ஐ.சி.சி. "மோசம்" என்று மதிப்பெண். புல்லைக் கூடுதலாக விட்டால் இரண்டு நாளில் கதை முடியும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான். ஆட்டத்துக்கு முன்தினம் புல் எவ்வளவு என்று செய்தியில் பார்த்துவிட்டு, அடுத்த நாட்களுக்கான டிக்கெட்டை முடிவு செய்யுங்கள்.

கூக்கபுரா பந்தின் தையல் முப்பது ஓவருக்குள் அமுங்கிவிடும். அங்கிருந்து 80 ஓவர் முடிந்து புதுப்பந்து வரும் வரை ஒன்றும் நடக்காதது போல இருக்கும் நேரத்தில் எழுந்து போகாதீர்கள். ஸ்பின்னர் ஒரு முனையைக் கட்டிப்போட, வேகப்பந்து ஆட்கள் மறுமுனையில் மாறி மாறி வருவார்கள். 2020-ல் இதே மைதானத்தில் அஸ்வின் ஸ்மித்தை ரன் எடுக்காமல் லெக் ஸ்லிப்பில் புஜாராவிடம் கேட்ச் கொடுக்க வைத்தது போன்ற காரியங்களை நேரில் பார்க்கப் பொறுமை வேண்டும். அந்தத் தொடரின் பிரிஸ்பேன் காபா மைதான டெஸ்ட்டை ஆஸ்திரேலியர்கள் இன்றும் பேசுவார்கள். வலைப்பந்து வீச வந்த சேலத்து நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அதில்தான் அறிமுகமானார்கள், முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட்.

உட்காரும் இடம்: ஷேன் வார்ன் ஸ்டாண்ட் தெற்கில், வடக்கு பார்த்து இருக்கிறது. இங்கே சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், ஆகவே முன்வரிசையில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கூரைக்கடியில் பின்வரிசையை எடுங்கள். நம் தோல் கறுப்பு, ஒன்றும் ஆகாது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. டிசம்பரில் புறஊதா அளவு 11-ஐத் தாண்டும். எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீனை வெயிலில் இறங்குவதற்கு 20 நிமிடம் முன் பூசி, இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். காதும் பின்கழுத்தும் விட்டுப்போகும். சாப்பாடு கொண்டுபோகலாம். தயிர் சாதமும் எலுமிச்சை சாதமும் பிளாஸ்டிக் டப்பாவில் போகட்டும். கண்ணாடி பாட்டில், டின், மது உள்ளே விடமாட்டார்கள். மதியம் 35 டிகிரி அடித்தாலும் நாலு மணிக்குத் தெற்குக் காற்று திரும்பினால் நடுக்கம் எடுக்கும், ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும்.

பிள்ளைகள் பற்றி, யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து ஒரு பதில்

அண்ணாமார் சொன்னதோடு இதையும் சேருங்கோ. பிள்ளையளை இரண்டிலயும் விடுங்கோ. ஃபுட்டிக்கு ஆஸ்கிக் எண்டு ஆரம்பப் பள்ளிப் பிள்ளையளுக்கு நடத்துவினம், மார்ச், ஏப்ரலில துவங்கும். துடுப்பாட்டம் ஒக்டோபரில இருந்து மார்ச் வரைக்கும். அதே மைதானம், பல இடத்தில அதே பெற்றோர். எல்லாம் தொண்டர்களால ஓடுற கிளப்புகள். சொசேஜ் சுடுற முறை, ஸ்கோர் எழுதுற முறை எங்களுக்கும் வரும். சும்மா பிள்ளையை இறக்கிவிட்டுட்டு வரக்கூடாது. ஸ்கோர் எழுதத் தெரிஞ்ச ஆளை அவை தலையில தூக்கி வைப்பினம்.

உதைக்கப் பழக்கிறதெண்டால் இப்பிடி: முட்டைப்பந்தை நட்டமாப் பிடிக்க வேணும், விரல்கள் விரிச்சு இரண்டு பக்கமும், லேஸ் முன்பக்கம் பார்க்க. உதைக்கிற கால்ப் பக்கத்துக் கையால இடுப்பு உயரத்தில இருந்து நேராக விடுறது. மேலே எறிஞ்சா அது சுழண்டு பிழைக்கும். பிள்ளையள் விடுற முதல் பிழை இதுதான். கால் நுனியை நல்லா நீட்டி, பந்தின்ர கீழ் முனையில சப்பாத்தின்ர லேஸ் பகுதி பட வேணும். சரியாப் பட்டால் பந்து பின்பக்கமாச் சுழண்டு நேராப் போகும். துவக்கத்துக்குப் பத்து மீட்டர் காணும்.

தலையில அடிபட்டால் விளையாட்டு இல்லை. சந்தேகம் எண்டாலே அண்டைக்கு வெளியில எடுக்க வேணும். கிளப் மட்டத்தில திரும்ப ஆடக் குறைஞ்சது 21 நாள். "பிள்ளை நல்லாத்தான் இருக்கு" எண்டு பயிற்சியாளரை நெருக்காதேங்கோ.

பிள்ளையளுக்கு முரளியின்ர கதையையும் சொல்லுங்கோ. 1995 டிசம்பர் 26, இதே எம்.சி.ஜி.யில நடுவர் டேரல் ஹேர், முரளி பந்தை எறியிறார் எண்டு மூண்டு ஓவரில ஏழு தரம் நோ-போலுக்குக் கையை நீட்டினவர். கப்டன் அர்ஜுன ரணதுங்க மற்ற முனைக்கு மாத்திப் போட்டார், முரளி அங்க இருந்து வீசினவர். முடிவில 800 விக்கெட்.

மறு கேள்வி: கூட்டத்தில் நிறத்தை வைத்துக் கத்தினால்?

பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். 1993-ல் பழங்குடி ஃபுட்டி ஆட்டக்காரர் நிக்கி வின்மார், கூட்டத்தின் இனவெறிக் கூச்சலுக்குப் பதிலாகச் சட்டையைத் தூக்கித் தன் தோலைத் தொட்டுக் காட்டியதும், இன்னொரு பழங்குடி ஆட்டக்காரர் ஆடம் குட்ஸைக் கூட்டம் மாதக்கணக்கில் கூவி விரட்டியதும் இந்த ஆட்டத்தின் ஆறாத காயங்கள். 2021 சிட்னி டெஸ்ட்டில் சிராஜ் புகார் சொன்னதும் ஆட்டம் நின்றது, ஆறு பேரை வெளியேற்றினார்கள். புகார் செய்யக் குறுஞ்செய்தி எண்ணைப் பெரிய திரையில் காட்டுவார்கள். உள்ளே போனதும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். தளம், பகுதி எண், வரிசை, என்ன சொன்னார் என்பதை மட்டும் அனுப்பினால் போதும், பாதுகாவலர் வருவார். நீங்களாகப் போய் வாக்குவாதம் செய்ய வேண்டாம்.

போக்குவரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாலிமான்ட், ரிச்மண்ட் இரண்டு நிலையமும் எம்.சி.ஜி.க்குப் பக்கம். கிளென் வேவர்லி ரயில் ரிச்மண்டில் நிற்கும். டாண்டினாங், கிளேட்டன் ரயில்கள் 2026 பிப்ரவரி முதல் புதிய சுரங்கப் பாதையில் போவதால் ரிச்மண்டில் நிற்பதில்லை. கால்ஃபீல்டில் இறங்கி ஃபிராங்க்ஸ்டன் லைனுக்கு மாறுங்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாயும் ரிச்மண்டை விட்டு, ஆற்றோரமாக ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டுக்கு இருபது நிமிடம் நடந்தால் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும்.